அது யாருமில்லாத மலை இல்லை

ஊட்டியைச் சுற்றிக்காட்டி ஒரு தம்பி போட்ட அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளில் எனக்கு மட்டும் ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள், "உங்க ஊருதானே, செமயா இருக்கு" என்று. எங்கள் ஊர்தான். அதனால்தான் தூக்கம் வராமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஊட்டியின் பழைய கல் பங்களாவைக் காட்டி அந்தத் தம்பி சொல்கிறார்: "இங்க ஒண்ணுமே இல்லைங்க. வெறும் காடு. ஒரு வெள்ளைக்காரர்தான் வந்து கண்டுபிடிச்சார்."

ஒண்ணுமே இல்லையா? 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் வந்து தங்கியபோது படகர் ஊர்களில் வயல் விளைந்துகொண்டிருந்தது. கோத்தர் இரும்பு அடித்தார்கள், பானை வனைந்தார்கள். குறும்பர் இருந்தார்கள், இருளர் இருந்தார்கள். எல்லோரும் இந்த மலையின் மக்கள். ஊட்டி என்று நாம் சுருக்கிக் கூப்பிடும் பெயரே எருமை வளர்க்கும் தோடர்களின் ஒத்தைக்கல் மந்து என்ற குடியிருப்பிலிருந்து வந்ததுதான். அவர்களுடைய எருமை மேய்ந்த மண்ணில்தான் 1822இல் சல்லிவனின் அந்தக் கல் பங்களா எழும்பியது. அந்த நிலம் தோடர்களுக்குச் சொந்தம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி அரசிடம் வாதாடியவரே சல்லிவன்தான். கோவை கலெக்டராக வந்த வெள்ளைக்காரருக்குப் புரிந்தது, இருநூறு வருடம் கழித்து நம் பிள்ளைக்குப் புரியவில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உடனே கேட்பீர்கள், ரயில் யார் விட்டது, பூங்கா யார் வைத்தது என்று. சரி, நான் மறுக்கவே இல்லை. தாவரவியல் பூங்காவை 1848இல் தொடங்கி வளர்த்தவர் மெக்கைவர் என்ற வெள்ளைக்காரர். குன்னூர் வரை ரயில் வந்தது 1899இல், ஊட்டிக்கு 1908இல். கல்லாறு தாண்டி ரயிலின் பற்சக்கரம் நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைப் பிடிக்கும்போது வரும் அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் அந்த ரயில் பாதையின் 16 குகைகளையும் கையால் குடைந்தவன் யார்? பாறையைப் பிளந்தவன், கல் சுமந்தவள், குளிர்க்காய்ச்சலில் செத்தவர்கள் யார்? ஒரு பெயராவது நமக்குத் தெரியுமா?

"அப்போ டூரிஸ்ட் வரக் கூடாதா" என்பவர்களுக்கு: நான் அப்படிச் சொல்லவில்லை. வாருங்கள். இ-பாஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். யாரோ ஒருவர் வீட்டுக்கு வருகிற மாதிரி வாருங்கள்.

இன்னொன்று. "இயற்கை, இயற்கை" என்று நீங்கள் சாய்ந்து நின்று போட்டோ எடுக்கிற பைன் காடு நட்டு வளர்த்தது. கற்பூரமரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) வெளியிலிருந்து கொண்டுவந்தவை. இந்த மலைக்கு உரியது சோலைக்காடும் புல்வெளியும். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடையில் தண்ணீர் விடுவது அவைதான். அந்தப் புல்வெளியைத் தரிசு என்று எழுதி வைத்துத்தான் மரம் நட்டார்கள். மனிதர்களை இல்லை என்று சொன்ன அதே கண்தான் புல்லையும் இல்லை என்று சொன்னது.

தேயிலையும் வந்ததுதான். நாங்களும் வந்தவர்கள்தான், அதை மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. என் பாட்டனுக்குப் பாட்டன் திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கையின் கண்டிக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். 1964 ஒப்பந்தத்தில் இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கங்களும் எங்கள் ஆட்களை எண்ணிப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது அம்மாவுக்கு 9 வயது. அங்கே 'தோட்டக்காட்டான்', இங்கே 'சிலோன்காரன்'. எங்கள் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, நிற்கிற இடமும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய மேய்ச்சல் நிலமாகத்தான் இருந்திருக்கும். அது அம்மாவுக்கும் தெரியும். தோடப் பாட்டி யாராவது பஸ்ஸில் ஏறினால் அம்மா முதலில் எழுந்து இடம் கொடுப்பார்.

முப்பத்தொரு வருடம் தேயிலைக் கொழுந்து கிள்ளிய கை அது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு, காலில் அட்டைப்பூச்சிக்குப் பூசிய உப்பும் சோப்பும், விரல் நுனியில் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாத கறுப்புக் கறை. என் கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் அம்மா கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டுதான் நிற்கிறார். ஆல்பத்தைத் திறந்தால் எனக்கு அதுதான் முதலில் தெரியும்.

"சின்னப் பையன், தெரியாமல் பேசிட்டான், விடுங்க" என்கிறார்கள். எத்தனை பேரைத்தான் விடுவது? ஆர்வத்தில் பேசினார் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடியோவின் கடைசிப் பகுதியை மறுபடி பாருங்கள். தோட்டத்துக்குள் இறங்கி, ஒரு அக்காவிடம் கேட்கக்கூட இல்லாமல் அவர் கூடையை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு ஆடுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த அக்காவும் சிரிக்கிறார். நானும் முதல் தடவை பார்க்கும்போது அவர் சிரிப்பதைத்தான் பார்த்தேன்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் காட்டினேன். பங்களாவைப் பற்றியோ வெள்ளைக்காரனைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "கூடைய சாச்சுட்டான் பாரு. ரெண்டு கிலோ கொழுந்தாவது கீழ போயிருக்கும். நிறுவைக்கு அந்தப் புள்ள என்ன பண்ணுச்சோ."