24 மணி நேர சராசரியில காணாம போற புகை
காத்தோட தரத்தைச் சொல்ற ஏக்யூஐ நம்பர் 90, அதாவது 'திருப்தி'ன்னு வந்தா அன்னிக்கு காத்து நல்லாருக்குன்னு கட்டுரைல எழுதியிருக்கீங்க, அதை என்னால ஏத்துக்க முடியல. பிஎம் 2.5-க்கு, அதாவது காத்துல மிதக்குற ரொம்ப நுண்ணிய துகளுக்கு, அந்த நம்பர் 24 மணி நேர சராசரிலேருந்து வருது, நடுராத்திரி ரெண்டு மணி நேரம் புகை அடிச்சாலும் மத்த 22 மணி நேரத்துல கரைஞ்சு போயிடும். நான் சென்னைல ஆலைங்க நிறைய இருக்குற மணலி பக்கம் இருக்கேன், விடியக்காலைல நெடி தாங்காம ஜன்னலை சாத்திட்டு குழந்தையைத் தூக்கிட்டு உள் ரூமுக்குப் போவோம், விடிஞ்சு பாத்தா ஆப்ல பச்சைதான். மேல கமெண்ட்ல ஒருத்தர் வீட்டுக்கு வீடு துகளை அளக்குற சின்ன சென்சார் வச்சா போதும்னு சொல்லியிருக்கார், நல்ல யோசனைதான், ஆனா அது துகள்ல பட்டு சிதறுற லேசர் வெளிச்சத்தை வச்சு கணக்கு போடுது, மார்கழி பனில ஈரத்துக்கு துகள் ஊதிப்போய் கூடுதலா காட்டும், காத்தை அளக்குற பெரிய ஸ்டேஷன் பக்கத்துல கொஞ்ச நாள் வச்சு ஒப்பிட்டு திருத்தாம அந்த அளவை நம்ப முடியாது.