யார்க்‌ஷயர் கிராமத்துக்குக் குழந்தைகளோடு போகிறவர்களே, லண்டனை விட்டுவிடுங்கள்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கோ சித்தப்பா வீட்டுக்கோ சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, அந்த வீட்டை லாட்ஜாக நினைப்பது. இன்று லண்டன், நாளை ஸ்டோன்ஹெஞ்ச் என்று கையில் ஒரு பட்டியல் இருக்கும். உறவினர் வட இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் டேல்ஸ் என்ற மலைப்பள்ளத்தாக்குப் பக்கம் ஸ்கிப்டன் ஊரில் இருந்தால், லீட்ஸில் ரயில் மாறி லண்டன் போக ஒரு வழிக்கே சுமார் மூன்று மணி நேரம். மூன்று வயதுப் பிள்ளையை ஒரே நாளில் இழுத்துப்போய் வந்தால் அதற்கு நினைவிருப்பது ரயில் கக்கூஸ் மட்டும்தான். லண்டன் பார்த்தே ஆக வேண்டுமா, வரும்போதோ திரும்பும்போதோ அங்கேயே இரண்டு இரவு தங்குங்கள். கிராமத்துக்கு வந்துவிட்டால் சுற்றி 20 கி.மீ. போதும்.

தேதிதான் அடுத்த சிக்கல். நம் ஊரில் பள்ளி விடுமுறை மே முழுக்க. அங்கே பிள்ளைகளுக்கு மே மாதம் பள்ளி நடக்கும். ஆண்டு விடுமுறை ஜூலை கடைசியில்தான் தொடங்கும். இரண்டும் பொருந்துவது மே கடைசி வாரம், பருவத்தின் நடுவே விடும் அரைப்பருவ விடுமுறையில் மட்டுமே. "உங்க பையனுக்கு ரெண்டு நாள் லீவு போடக் கூடாதா?" என்று கேட்காதீர்கள். அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாள் லீவு எடுத்தால், பெற்றோர் ஒவ்வொருவருக்கும் பிள்ளைக்கு 80 பவுண்டு அபராதம் வரலாம். டிக்கெட் போடும் முன்பே உறவினரிடம் தேதி கேட்டால் அவர்களும் வேலையில் விடுப்புச் சொல்லிவைப்பார்கள்.

மே கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது தாண்டும், விடிவது ஐந்துக்கு முன்னால். நமக்கும் அவர்களுக்கும் அப்போது நாலரை மணி நேர வித்தியாசம். நம் ஊரில் காலை ஏழரைக்கு எழும் பிள்ளை அங்கே மூன்று மணிக்கு உட்கார்ந்துகொண்டு பிஸ்கட் கேட்கும். முதல் மூன்று நாள் மதியத் தூக்கத்தை ஒரு மணி நேரத்தோடு நிறுத்தி, மாலையில் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். படுக்கையறை ஜன்னலில் அலுமினியத் தாளை ஒட்டினால் விடிகாலை வெளிச்சம் உள்ளே வராது. பார்க்க அசிங்கம்தான், ஆனால் வேலை செய்யும்.

காரில் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம்: 12 வயது, அல்லது 135 செ.மீ. உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை. ஆர்44 அல்லது ஆர்129 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இல்லாத இருக்கை செல்லாது. "மடியில வச்சுக்கிறேன்" என்ற பேச்சே அங்கே எடுபடாது. சாதாரணக் காரின் பின்சீட்டில் மூன்று குழந்தை இருக்கை பெரும்பாலும் அடங்காது என்பதால், இரண்டு குடும்பமும் ஒரே காரில் போகும் திட்டத்தை ஆரம்பத்திலேயே கைவிடுங்கள். சாலைகள் ஒற்றைத்தடம், இருபுறமும் கல்சுவர், வளைவுக்கு வளைவு. பிள்ளைக்குப் பால் கொடுத்து உடனே கிளம்பினால் வாந்தி நிச்சயம்.

துணிமணியில் காசைக் கொட்டாதீர்கள். கனமான ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய துணி மூன்று அடுக்கு நல்லது. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. ரப்பர் பூட்ஸும் உடம்பு முழுக்க மூடும் மழையுடையும் அங்கேயே, நன்கொடையாக வந்த பொருளை விற்கும் தர்ம நிறுவனக் கடைகளில் பழசு மலிவாகக் கிடைக்கும். நம் ஊர்ச் செருப்பு எண்ணும் அங்கத்திய எண்ணும் பெரும்பாலும் ஒன்றுதான்; தடிமனான சாக்ஸுக்காக ஒரு எண் கூட்டி வாங்குங்கள்.

நடக்கப் போவதென்றால் மால்ஹம் கிராமம். ஸ்கிப்டனிலிருந்து காரில் அரை மணி. மால்ஹம் கோவ் சுண்ணாம்புப் பாறையின் அடிவாரம் வரை தள்ளுவண்டி போகும். அதற்கு மேல் சுமார் 400 படி, உச்சியில் பிளவுபட்ட பாறைத்தளம். சின்னக் கால் அந்தப் பிளவில் மாட்டும், அதனால் கீழேயே நின்றுவிடுங்கள். ஜேனட்ஸ் ஃபாஸ் சின்ன அருவிக்குக் கிராமத்திலிருந்து சுமார் 2 கி.மீ. கடைசியில் வேரும் கல்லுமான காட்டுப்பாதை, அங்கே முதுகில் தூக்கும் கேரியர்தான் உதவும். பெரியவர்களுக்கு அரை மணி நடை என்றால் நாலு வயதுக்கு ஒன்றரை மணி என்று கணக்கு வையுங்கள். வழியில் கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப்போக வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவைக் கொஞ்சப் போகாதீர்கள். நம் வீட்டு லட்சுமி மாதிரி அது பழகியதல்ல.

ஸ்கிப்டனுக்குப் பக்கத்து போல்டன் அபியில் இடிந்த மடாலயத்துக்கு அருகே வார்ஃப் ஆறு அகலமாக, ஆழமில்லாமல் ஓடும், பிள்ளைகள் காலை நனைக்கலாம். அதே ஆறு மேலே காட்டுக்குள் ஸ்ட்ரிட் என்ற இடத்தில் பாறைக்கு நடுவே ஒடுங்குகிறது. தாண்டிவிடலாம் போலத் தெரியும். பாசி வழுக்கும், தண்ணீர் பாறையை அடியில் குடைந்து வைத்திருக்கிறது, விழுந்தவர்கள் செத்திருக்கிறார்கள். ஓடியாடும் வயதுப் பிள்ளை இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வீட்டுக்குள் ஒரு விஷயம். அங்கே குளியலறைத் தரையில் வடிகால் இருக்காது. பக்கெட்டில் மொண்டு ஊற்றிக் குளிப்பாட்டினால் தண்ணீர் பலகைத் தளம் வழியே இறங்கிக் கீழ் அறையின் கூரையில் கறையாக நிற்கும். பிள்ளையைத் தொட்டிக்குள் நிறுத்தித்தான் குளிப்பாட்ட வேண்டும். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்துங்கள், புகை அலாரம் அலறித் தூங்கும் குழந்தையை எழுப்பும்.

நெட்டில் செடி நம் செந்தட்டி மாதிரி அரிக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். உண்ணி அப்படியல்ல, லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும். இரவுக் குளியலில் முழங்காலுக்குப் பின்னால், அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லாம் பாருங்கள். இருந்தால் கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்புக் காட்டுவது வேண்டாம். ஊருக்குத் திரும்பிய பிறகும் மூன்று மாதம் வரை கடித்த இடத்தில் வட்டமாகத் தடிப்புப் பரவினால், இங்கிலாந்தில் உண்ணி கடித்தது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். நம் ஊர் மருத்துவருக்கு அது தானாகத் தோன்றாது.