பெட்டியில் 150 பிஎஸ்ஐ, டயரில் 24

டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரின் அட்டைப்பெட்டி மேல் 150 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) என்று அத்தனை பெரிதாக அச்சடித்தவர் யாரோ, அவரை ஒருமுறை மண்டியிட வைக்க வேண்டும். உச்சி வெயிலில் தார்ச்சாலை ஓரமாக, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், அவருடைய கம்ப்ரசரையே கையில் கொடுத்து மண்டியிட வைக்க வேண்டும். நான்கு டயரும் 18 பிஎஸ்ஐயில் இருக்கட்டும். நான்கையும் 35க்கு ஏற்றிவிட்டு அவர் எழுந்து வரட்டும். அதற்குப் பிறகு அந்த 150ஐப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

என் வண்டியின் டயருக்கு எதற்கு ஐயா 150? எந்த ஜீப்பின் எந்த டயரில் அவ்வளவு காற்றை அடைக்கப்போகிறேன்? எனக்கு வேண்டியது 35. அது எத்தனை நிமிடத்தில் வரும் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் மட்டும் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மணலில் ஓட்டிய எல்லோருக்கும் இந்த வேதனை தெரியும். இறங்கும்போது காற்றைக் குறைப்பது சுகமான வேலை. உஸ்ஸென்று இறங்கும், டயர் தரையில் நீளமாகப் படியும், வண்டி மணலின் மேல் மிதந்துகொண்டு போகும். வினை எல்லாம் திரும்பி வரும்போதுதான். தார்ச்சாலையைத் தொட்டதும் காற்றை நிரப்பியாக வேண்டும். நானும் நிரப்பத்தான் உட்கார்ந்தேன்.

முதல் டயர். சிகரெட் லைட்டர் துளையில் செருகி சுவிட்சைப் போட்டதும் அந்தப் பெட்டி கத்திக்கொண்டே தரையில் துள்ளித் துள்ளி நகர ஆரம்பித்தது. ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் நடுங்கி நடுங்கி 30க்கு வந்தது. நிறுத்திப் பார்த்தால் 24! ஓடும்போது அந்தக் கேஜ் டயரின் அழுத்தத்தைக் காட்டுவதில்லை. குழாய்க்குள் முட்டிக்கொண்டிருக்கும் காற்றின் அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. இதைக் கையேட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும்? மறுபடி சுவிட்ச், மறுபடி கத்தல், மறுபடி நிறுத்திப் பார்த்தல். ஒருவழியாக 35 வந்ததும் வால்விலிருந்து குழாயைக் கழற்ற வேண்டும். திருகிக் கழற்றும் பித்தளை முனை. கொதிக்கிறது. தொட்டதும் கையை உதறவேண்டிய சூடு. துணியைச் சுற்றித் திருகத் திருக, ஒவ்வொரு சுற்றுக்கும் உஸ்ஸென்று காற்று வெளியேறுகிறது. அரும்பாடுபட்டு ஏற்றியதில் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கண் முன்னாலேயே போகிறது.

இரண்டாவது டயர். இதே கூத்து. இதை விரித்துச் சொன்னால் எனக்கு மறுபடியும் தலை வலிக்கும்.

மூன்றாவது, பின்சக்கரம். வயர் எட்டவில்லை. வயரை ஜன்னல் வழியே இழுத்தால் குழாய் எட்டவில்லை. கம்ப்ரசரை டயரின் மேல் ஏற்றி வைத்து ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். 27ஐத் தாண்டியதும் சத்தம் கம்மியது, முனகியது, நின்றுவிட்டது. சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டதாம். கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில், தொடர்ந்து 10 நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், 30 நிமிடம் ஆறவிடுங்கள் என்று இருக்கிறது. பெட்டியின் முகப்பிலே வைக்க வேண்டிய வாசகம் அல்லவா இது! ஆறும்வரை நிழலில்லாத சாலையில் நின்றேன். ஆறியபின் சுவிட்சைப் போட்டேன். உள்ளே பியூஸ் போனது.

இரண்டு டயர் 35, ஒன்று 27, ஒன்று 18. இந்தக் கோலத்தில் வண்டி.

நிறுத்தி வேடிக்கை பார்த்த ஒரு பெரிய மனிதர் சொன்னார்: "அப்படியே ஓட்டிக்கொண்டு போங்கள், அடுத்த பெட்ரோல் பங்கில் காற்று அடித்துக்கொள்ளலாம்." எத்தனை பேர் இந்த யோசனையைக் கேட்டு டயரைக் கிழித்துக்கொண்டார்களோ! 18 பிஎஸ்ஐயில் தார்ச்சாலையில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடங்கலில் உள்ளே சூடு ஏறும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரப்பரும் நூலும் உள்ளுக்குள் பிரிந்து, ஒரு கட்டத்தில் மொத்தமாக வெடிக்கும். காற்று குறைந்த டயர் வளைவில் ரிம்மை விட்டே கழன்று வரவும் கூடும். யோசனை சொல்வதற்கு முன் தயவுசெய்து ஒரு நொடி யோசியுங்கள்.

விற்பவர் செய்யாத கணக்கை நான் செய்கிறேன். 265/70ஆர்17 என்ற அளவு டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஏறத்தாழ 75 லிட்டர் இடம் இருக்கிறது. 18இலிருந்து 35க்குப் போக ஒரு டயருக்கு வெளிக்காற்று 85 லிட்டருக்கு மேல் வேண்டும். நான்குக்கும் சேர்த்து 350 லிட்டர். கையடக்கக் கம்ப்ரசர் நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று சொல்லும். அது குழாய் முனையில் எந்த எதிர்ப்பும் இல்லாமல் சும்மா ஊதும்போது கிடைக்கும் அளவு. டயருக்குள் அழுத்தம் ஏற ஏற அது குறைந்துகொண்டே போகும். ஆக, பத்து நிமிடம் ஓடி அரை மணி நேரம் ஓய்வெடுக்கும் கருவியால் இந்த நான்கு டயரையும் ஒரே மூச்சில் நிரப்பவே முடியாது. கூட்டல் பெருக்கல் தெரிந்த எவரும் கடையிலேயே சொல்லியிருக்கலாம்.

பெரிய கம்ப்ரசர் வாங்கலாம்தான். நிமிடத்துக்கு 150 லிட்டர் தள்ளும் இரட்டை சிலிண்டர் வகைகள் இருக்கின்றன. ஆனால் அவை 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் துளைக்கு இருப்பதோ பெரும்பாலும் 10இலிருந்து 20 ஆம்பியர் பியூஸ். 15 ஆம்பியர் என்றால் 12 வோல்ட்டில் 180 வாட், அவ்வளவுதான். பெரிய கருவியை நேராக பேட்டரியில் கவ்வவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு அடிக்க வேண்டும். எத்தனை லிட்டர், 30 பிஎஸ்ஐ எதிர்ப்பில் எத்தனை லிட்டர், எத்தனை ஆம்பியர், எத்தனை நிமிடம் நிற்காமல் ஓடும், குழாய் எத்தனை நீளம். இவைதான் கேட்க வேண்டியவை. பெட்டியில் கிடைப்பது 150 என்ற ஒரே எண்.

இத்தனைக்கும் வேர் டயர் கடையில் இருக்கிறது. "காட்டுக்குப் போகிறேன், டயர் வேண்டும்" என்று சொன்ன மறுநொடி, பட்டன் (டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டி) எத்தனை பெரிதோ அத்தனை நல்லது என்று சேற்று டயரை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். எங்கே ஓட்டுவீர்கள் என்ற கேள்வி கிடையாது. சேற்றுக்கு அது சரி. அகன்ற பள்ளங்கள் சேற்றை உதறித் தள்ளும். மணலில் அதே பட்டன் குழி தோண்டும், நனைந்த தார்ச்சாலையில் பிடிப்பும் குறையும், நெடுஞ்சாலையில் காது கிழியும். பாதி நாள் தார், பாதி நாள் மண் என்று ஓட்டுகிறவனுக்கு ஏடி எனப்படும் கலப்பு வகை போதும். மணலைக் கடப்பதில் பட்டனைவிடக் காற்றுதான் பெரிது. ஆனால் காற்று கண்ணுக்குத் தெரியாது, பட்டன் தெரியும், அதனால் பட்டனை விற்கிறார்கள்.

எடை எண்ணைப் பற்றி எவராவது வாய் திறக்கிறார்களா? 112 என்று போட்டிருந்தால் அந்த ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 121 என்றால் 1,450 கிலோ. அதே அளவு, அதே பட்டன், நடுவில் 330 கிலோ வித்தியாசம். எல்டி என்று எழுதிய கனத்த டயர் கல்லுக்கும் முள்ளுக்கும் நன்றாகத் தாங்கும், ஆனால் அதே சுமையைச் சுமக்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். கூடுதல் காற்று என்றால் கம்ப்ரசருக்குக் கூடுதல் வேலை. டயரையும் கம்ப்ரசரையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இவ்வளவு வெளிப்படையாக இருக்க, ஒரு செட் டயருக்கு அத்தனை பணத்தை வாங்கிக்கொண்டு, "இந்தச் சின்னதே போதும் சார்" என்று ஒரு பொம்மையைக் கையில் திணிக்கிறார்கள். யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு ஈர்க்குச்சியைக் கொடுப்பது என்ன நியாயம்?

டயரை மாட்டியதும் அங்கே செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். பக்கச்சுவரில் 80 பிஎஸ்ஐ என்று பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பையன் 70ஐத் தாண்டி அடித்துக்கொண்டிருந்தான். அது அந்த டயர் தாங்கும் உச்சவரம்பு தம்பி, என் வண்டிக்கு வேண்டிய அளவு அல்ல. ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்பக்கத்துச் சட்டத்தில் ஸ்டிக்கர் இருக்கிறது, தொடக்கம் அதிலிருந்துதான். இதை முதலாளிதான் அவனுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும். பக்கச்சுவரில் படிக்க வேண்டியது வேறு ஒன்று: நான்கு இலக்கத் தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அதை மட்டும் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார்கள்.

இதில் வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையிடம் டக் என்ற நீர்நில வண்டி இருந்தது. கடலிலிருந்து கரையேறும்போது, இருக்கையை விட்டு எழாமலே ஓட்டுநர் டயர்க் காற்றைக் குறைக்கலாம், சாலைக்கு வந்ததும் ஏற்றலாம். 1940களிலேயே! இன்றைக்கு என் வண்டிக்குக் கண்ணாடிக் கூரை இருக்கிறது, கதவோரத்தில் நிறம் மாறும் விளக்கு இருக்கிறது, மலையேறும் படம் போட்ட விளம்பரம் இருக்கிறது. காற்று ஏற்ற வழி இல்லை. எஞ்சின் அறையில் நிரந்தரமாகப் பொருத்திய ஒரு கம்ப்ரசர், அதற்குத் தனி வயர், பம்பருக்குப் பக்கத்தில் ஒரு குழாய் முனை. கேட்பது இவ்வளவுதான். மலையேறும் வண்டி என்று விற்பவர்கள் இதைக் கொடுத்தே தீர வேண்டும்.

இன்னொன்று. அந்தக் கம்ப்ரசரில் டார்ச் விளக்கு வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அழுத்தினால் வெள்ளை, இன்னொருமுறை அழுத்தினால் சிவப்பு, மூன்றாம் முறை அழுத்தினால் சிமிட்டல். பட்டப்பகலில் செத்துக் கிடந்த கருவியில் அந்த விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மூன்று வகை வெளிச்சத்துக்குச் செலவழித்த காசில் அந்தக் குழாயை இன்னும் ஒரு மீட்டர் நீட்டியிருக்கலாமே ஐயா!