கோதாரி விழுந்த களஞ்சியம்

ரிம்வேர்ல்ட் என்கிற, குடியேற்றம் ஒன்றை நடத்துகிற கணினி விளையாட்டில், களஞ்சியத் தரையின் ஒரு கட்டத்துக்குள் இரும்பு 75 அடுக்கலாம், வெள்ளி 500. சமைத்த சாப்பாடு வெறும் 10. துவக்கு என்றால் ஒன்றே ஒன்று! சரி, 2022இல் வந்த மாற்றத்தோடு ராக்கையில் கட்டத்துக்கு மூன்று குவியல் வைக்கலாம், அந்த மட்டில் புண்ணியம். ஆனால் தூக்கி வைக்கிறது ஆர்? வேலைப் பட்டியலில் சுமக்கிற வேலை கடைசிப் பக்கம். அறுத்த நெல் வயலிலேயே பழுதாகுது, குடியேறின துரைமார் குதிரைலாடம் எறிந்து விளையாடுகினம். பேந்து பசி என்று மூளை குழம்பி ரகளை வேறு. செத்தவனின் சட்டையை உள்ளே எடுக்காதே என்றுகூடத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் புழுக்கத்தில் இருந்து நான் களஞ்சியத்துக்குக் கோடு கீறுகிறேன். அம்மா சந்தைக்குப் போகச் சொல்லி மூன்றாம் தரம் கூப்பிடுறா. இந்த இரும்பை மட்டும் ஒதுக்கிவிட்டு வாறேன் அம்மா!