விளக்கைத் தேடி வந்த கரப்பானுக்கு மருந்து வேண்டாம்

“ஒரு கரப்பான் தெரிந்தால் சுவருக்குள் ஆயிரம் இருக்கும், உடனே மருந்து அடியுங்கள்” என்று கிழக்கு அமெரிக்காவில் இருப்பவர்களிடையே ஒரு மெசேஜ் சுற்றுகிறது. பென்சில்வேனியா மரக்கரப்பானுக்கு இது பொருந்தாது. மரப்பட்டைக்கு அடியிலும் மக்கிய கட்டையிலும் வாழும் பூச்சி அது. ஈரமில்லாத வீட்டுக்குள் பெருகாது. மே, ஜூனில் விளக்கைத் தேடிப் பறந்து வருபவை ஆண்கள்: பழுப்பு நிறம், சுமார் 2.5 செ.மீ. நீளம், இறக்கை ஓரத்தில் வெளிர்க்கோடு. பெண்ணுக்குக் குட்டை இறக்கை, பறக்காது. வீட்டுக் கரப்பான் லைட் போட்டதும் ஓடி ஒளியும். இதற்கு அந்தப் பயமே கிடையாது. குளிர்காலத்தில் தென்பட்டால் பெரும்பாலும் விறகோடு வந்ததுதான். விறகை வீட்டை விட்டுத் தள்ளி அடுக்குங்கள், வாசலுக்கு மஞ்சள் பல்பு போடுங்கள், வந்ததைப் பெருக்கித் தள்ளுங்கள். சமையலறையில் சின்னதாக, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகளோடு ஓடுகிறதா? அது ஜெர்மன் கரப்பான், அப்போது கவலைப்படலாம்.