ஜெர்மனியில் படிக்கக் கையில் பணமே வேண்டாமா?

'ஜெர்மனியில் எல்லாப் பல்கலைக்கழகமும் இலவசம், வங்கியில் பணம் காட்டவே வேண்டாம், பாஸ்போர்ட் இருந்தால் போதும்' என்று ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இதில் பாதிதான் உண்மை.

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, அது சரி. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது.

பணம் காட்டுவதுதான் முக்கியம். உதவித்தொகையோ, அங்கே வசிக்கும் ஒருவர் உங்கள் செலவை ஏற்பதாகத் தரும் முறையான உறுதிமொழியோ இல்லையென்றால், விசாவுக்கு முன்பே 'முடக்கப்பட்ட கணக்கு' (blocked account) எனப்படும், மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கான தொகையைப் போட்டாக வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக உயர்ந்தது. கட்டணம் இல்லை அது, உங்கள் பணம்தான், அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கடைசி நேரத்தில் அவ்வளவு பணத்துக்கு ஒரு குடும்பம் எங்கே ஓடும்?

அப்புறம், இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் (APS) சான்றிதழும், அதாவது உங்கள் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் சான்றிதழும், கட்டாயம், சில விதிவிலக்குகள் தவிர.

ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி (DAAD) தளத்திலும் இந்தியாவிலுள்ள ஜெர்மன் தூதரகத்தின் தளத்திலும் எல்லாம் இருக்கிறது, தொகை மாறக்கூடும் என்பதால் விண்ணப்பிக்கும்முன் அங்கேயே பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் சொல்லிவிடுங்கள்.