நஞ்சுக்கொடியின் எடையை மட்டும் பார்த்தால் போதாது

அண்ணே, 'நஞ்சுக்கொடி 500 கிராமுக்குக் குறைந்தால் பிள்ளைக்குச் சத்துப் போகாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 500 கிராம் என்பது நிறைமாதச் சராசரியை ஒட்டிய எண், எல்லைக்கோடு அல்ல. தொப்புள்கொடி, சவ்வு, தேங்கிய இரத்தம் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தார்களா என்பதைப் பொறுத்தே எடை மாறிவிடும். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே சத்துப் பரிமாற்றம் நடப்பது நஞ்சுக்கொடியின் உள்ளே இருக்கும் நுண்கிளைகளின் பரப்பில். 1966இல் அஹெர்ன், டன்னில் என்ற ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் அளந்து கணக்கிட்டபோது நிறைமாதத்தில் அந்தப் பரப்பு சுமார் 11 சதுர மீட்டர் வந்தது. நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறை ஒன்றின் தரையளவு! தாய் இரத்தத்துக்கும் பிள்ளை இரத்தத்துக்கும் நடுவிலுள்ள திசு எவ்வளவு மெல்லியது என்பதும் முக்கியம். தராசு இதைக் காட்டாது. அதுவும் எடை பார்ப்பதே பிரசவத்துக்கு அப்புறம்தான். அதை வைத்துக் கர்ப்பிணிகளை ஏன் பயமுறுத்த வேண்டும்?